கவுன்சிலருக்கு நிற்பவரிடம் பிழைப்பைப் பற்றிக் கேட்பது எப்படி

பேருந்து நிலையத்துக்கு வெளியே 11 வருடமாகத் தள்ளுவண்டியில் பழம் விற்கிறேன். 2022 பிப்ரவரி 19 நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் வார்டில் ஐந்து பேர் நின்றார்கள். ஐந்து நோட்டீஸிலும் "வேலைவாய்ப்பு பெருக்கப்படும்" என்று ஒரு வரி. அதை வைத்து யாருக்கு ஓட்டுப் போடுவது? நானும் மகளும் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அடுத்த தேர்தலுக்கு நீங்களும் இப்படிச் செய்து பாருங்கள்.

முதலில், நகராட்சியின் கையில் இல்லாததை அடித்துவிடுங்கள். தொழிற்சாலை கொண்டுவருவதும் அரசு வேலை வாங்கித் தருவதும் கவுன்சிலரால் ஆகாது. தெருவோர வியாபாரிகளுக்கான ஸ்வாநிதி கடன் மத்திய அரசுத் திட்டம், பணம் கொடுப்பது வங்கி. நகராட்சி செய்யக்கூடியது கணக்கெடுப்பு, அடையாள அட்டை, பரிந்துரைக் கடிதம். அதனால் "கடன் தருவேன்" என்பவரைவிட, "விட்டுப்போனவர்களுக்கு அட்டை வாங்கித் தர அலைவேன்" என்பவர் விஷயம் தெரிந்தவர்.

மிஞ்சுவது சந்தை, நகராட்சிக் கடை வாடகை, தொழில் வரி, தெருவிளக்கு, குப்பை, கழிப்பறை. பார்க்கச் சின்ன விஷயங்கள்தான். ஆனால் விளக்கு எரிந்தால் ஒன்பது மணி வரை வியாபாரம் ஓடும், எரியாவிட்டால் ஏழுக்கே வண்டியைக் கட்ட வேண்டும். பக்கத்தில் கழிப்பறை இல்லாததால் பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் பூ விற்கிற பெண்களை எனக்குத் தெரியும். என்னைக் கேட்டால் இதுவும் பொருளாதாரக் கொள்கைதான்.

அப்புறம், எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். நாங்கள் மூன்று கேட்டோம். நகராட்சிக் கடையை ஏலத்தில் எடுத்துவிட்டு உள்வாடகைக்கு விடுகிறார்களே, அதை மன்றத்தில் எழுப்புவீர்களா? சாலையை அகலப்படுத்தும்போது எங்களை எழுப்பினால் மாற்று இடம் எந்தத் தெருவில்? 2014 தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, நம் வியாபார விஷயங்களைப் பார்க்கிற நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகள் இருக்க வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். நம் ஊரில் அந்தக் குழு கடைசியாக எப்போது கூடியது?

மூன்றாவது கேள்விக்கு நான்கு பேர் பொதுவாக ஏதோ சொன்னார்கள். ஒருவர் மட்டும், "தெரியாதும்மா, விசாரித்துச் சொல்கிறேன்" என்று போய், இரண்டு நாள் கழித்து வண்டிக்கே வந்து சொன்னார். பதிலைவிட அவர் திரும்பி வந்ததைப் பெரிதாகக் குறித்துக்கொண்டேன். சொல்வதை அவர்கள் முன்னாலேயே எழுதுங்கள், பேச்சில் பொறுப்பு வரும்.

ஏற்கெனவே கவுன்சிலராக இருந்தவரை வாக்குறுதியை வைத்து எடைபோட வேண்டாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, மன்றக் கூட்டத் தீர்மானங்களையும் வருகைப் பதிவையும் கேளுங்கள். பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு, அதனால் தேர்தல் தேதி வரும்வரை காத்திருக்காதீர்கள். 2022இல் நான் தாமதமாகத்தான் யோசித்தேன், ஓட்டுப்பதிவுக்கு முன்னால் பதில் கைக்கு வரவில்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும். அந்தத் தேர்தலில் நகராட்சித் தலைவரைத் தேர்ந்தெடுத்தது நாம் இல்லை, கவுன்சிலர்கள்தான். உங்கள் வேட்பாளர் தலைவராக யாரை ஆதரிப்பார் என்பதையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஓட்டுப்பதிவுக்கு முந்தின இரவு மகள் நோட்டை முழுவதும் வாசித்தாள். நான் திரும்பி வந்து பதில் சொன்னவருக்குப் போட்டேன். அவள் சந்தைக்குப் பக்கத்தில் கழிப்பறைக்கு இடத்தையே காட்டிய இன்னொருவருக்குப் போட்டாள்.