பால்கனியில் சிப்பிக் காளான்: வைக்கோலைப் பிழியத் தெரிய வேண்டும்

சிப்பிக் காளான் அடிப்படையில் காட்டுவாசி. பட்டுப்போன மரத்தில் ஒட்டிக்கொண்டு, கட்டைக்கு உறுதி தரும் லிக்னினையே சிதைத்துத் தின்னும். வைக்கோலிலும் அதே சரக்கு இருப்பதால், அதைக் கொடுத்தாலும் முகம் சுளிக்காது.

சென்னையில் ஐப்பசி முதல் தை வரை நல்ல காலம். சித்திரை வெயிலில் இறங்க வேண்டாம். அப்போது 30 முதல் 35 டிகிரி வரை தாங்கும் பால் காளான்தான் சரி.

முதலில் அரை கிலோ வைக்கோல். மாடு வைத்திருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். மழையில் நனைந்து கறுத்தது மட்டும் வேண்டாம். இரண்டு அங்குலத் துண்டுகளாக நறுக்கி, நான்கைந்து மணி நேரம் ஊறவைத்து, அப்புறம் அண்டாவில் ஒரு மணி நேரம் வேகவையுங்கள். காளானுக்குப் போட்டியாக வரும் மற்ற பூசணங்களைக் குறைக்கத்தான் இந்த வேக்காடு.

அடுத்தது உலர்த்துவது. பாதிப் பேர் கோட்டைவிடுவது இங்கேதான். தண்ணீரை வடித்து, சுத்தமான துணியில் நிழலில் பரப்புங்கள். ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிழிந்தால் சொட்டு விழக்கூடாது, ஆனால் உள்ளங்கை ஈரமாக வேண்டும். அதுதான் பதம். நான் முதல்முறை அடைமழை நாளில் பொறுமையில்லாமல் சொட்டச் சொட்டக் கட்டிவிட்டேன். ஒரே வாரத்தில் பை முழுக்கப் பச்சைப் பூசணம். கீழே தூக்கிப் போகும்போது எதிர்வீட்டு அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்ன தம்பி, எலி செத்துப்போச்சா?" என்றார்.

இனி படுக்கை. 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலப் பாலித்தீன் பையின் அடியைச் சணலால் கட்டி, இரண்டு அங்குலம் வைக்கோல், மேலே ஓரமாகக் காளான் விதை என்று மாற்றி மாற்றி அடுக்குங்கள். விதை என்பது சோளத்தில் வளர்த்த காளான் இழைதான். ஒரு பைக்கு 150 கிராம் போதும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத் தொடுங்கள். அமுக்கிக் கட்டி, பத்துச் சிறு துளைகள் போட்டுப் பஞ்சால் அடைத்து, வெளிச்சம் படாத மூலையில் தொங்கவிடுங்கள்.

15 முதல் 20 நாளில் பை முழுக்க இட்லி மாதிரி வெளுத்துவிடும். அப்போது பிளேடால் பையைக் கிழித்து எடுத்துவிட்டு, வெயில் படாத பால்கனிக்கு மாற்றித் தினமும் இரண்டு வேளை தண்ணீர் தெளியுங்கள். மூன்று நான்கு நாளில் குண்டூசித் தலைபோல் மொட்டு வரும். காம்பு நீண்டு குடை சிறுத்தால் காற்றோட்டம் போதவில்லை என்று அர்த்தம்.

குடையின் ஓரம் மேல்நோக்கி விரிவதற்குள் திருகிப் பறித்துவிடுங்கள். விட்டால் வித்துத்தூள் பறக்கும், சிலருக்கு இருமல் வரும். அதனால் படுக்கையறை பக்கமே வேண்டாம். ஒரு வார இடைவெளியில் இன்னும் இரண்டு முறை வரும். எல்லாம் சேர்த்து அரை கிலோ தேறும்.

ஒரு எச்சரிக்கை: இதைப் பழகிய தைரியத்தில் தெருவோரப் பட்ட மரத்தில் முளைத்ததைப் பறித்துச் சமைத்துவிடாதீர்கள். பார்வைக்குச் சிப்பிக் காளான் போலவே இருக்கும் வேறு வகைகளும் உண்டு.

மூன்றாவது பறிப்புக்குப் பிறகு வைக்கோல் கையில் நசுக்கினாலே உதிரும். நான் அதைச் செம்பருத்தித் தொட்டியில் போட்டுவிடுகிறேன்.