300 வெற்றி, 3,000 ஸ்ட்ரைக்அவுட்: பிட்சர்களின் கணக்கைப் படிக்கையில் சறுக்கும் இடங்கள்

2018 சீசனில் நியூயார்க் மெட்ஸ் அணிக்காக ஜேக்கப் டிகிராம் வீசியது 217 இன்னிங்ஸ் (பேஸ்பாலில் பிட்சருக்கு ஓர் இன்னிங்ஸ் என்றால் எதிரணியின் மூன்று அவுட்). ஃபீல்டர்களின் பிழையால் வந்ததைக் கழித்தால் அவர் விட்டுக்கொடுத்த ரன்கள் 41. அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு 1.70, இந்த எண்ணைத்தான் இ.ஆர்.ஏ. என்பார்கள். இப்படி வீசியவருக்கு அந்த ஆண்டு எத்தனை வெற்றி இருக்கும் என்று பேஸ்பால் புதிதாகப் பார்க்கும் நண்பர்களிடம் கேட்டிருக்கிறேன். இருபது என்பார்கள், கொஞ்சம் துணிந்தவர்கள் இருபத்தைந்து என்பார்கள். விடை: 10 வெற்றி, 9 தோல்வி. ஆனாலும் மேஜர் லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீகில் சிறந்த பிட்சருக்கு (பந்து வீசுபவருக்கு) தரும் சை யங் விருது அந்த ஆண்டு அவருக்குத்தான்.

நம்மில் பலர் பேஸ்பாலுக்குள் கிரிக்கெட் வழியாக நுழைகிறோம். நுழையும்போதே சில பழக்கங்களும் கூட வந்துவிடுகின்றன. நீண்ட காலம் ஆடிய பிட்சர்களின் சாதனைப் பட்டியலை எடுத்தவுடன் அவை காலை வாருகின்றன. நானும் வாரப்பட்டவன்தான்.

வெற்றி யாருடையது?

பிட்சரின் கணக்கில் ஒரு வெற்றி ஏறுவதற்கு விதி இருக்கிறது. ஆட்டத்தைத் தொடங்குகிறவர் குறைந்தது ஐந்து இன்னிங்ஸ் முடிக்க வேண்டும். அவர் விலகும்போது அணி முன்னிலையில் இருக்க வேண்டும். அந்த முன்னிலை கடைசிவரை பறிபோகாமல் இருக்க வேண்டும். இதில் முதலாவது மட்டும்தான் பெருமளவு அவர் கையில் இருக்கிறது. இரண்டாவதற்குச் சக ஆட்டக்காரர்கள் அடிக்க வேண்டும், மூன்றாவதற்குப் பின்னால் வரும் ரிலீவர்கள் சொதப்பாமல் இருக்க வேண்டும். முரளிதரனின் 800 விக்கெட்டில் ஒன்றைக்கூட, இலங்கை அந்த ஆட்டத்தில் தோற்றுவிட்டது என்று சொல்லி யாரும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. பிட்சரின் வெற்றிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

1987இல் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸுக்காக ஆடிய நோலன் ரயனுக்கு வயது 40. நேஷனல் லீகிலேயே குறைந்த இ.ஆர்.ஏ. அவருடையது, 2.76. அதிக ஸ்ட்ரைக்அவுட்டும் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை வெளியேற்றுவது) அவருடையது, 270. வெற்றி 8, தோல்வி 16! அவர் ஆடும் நாளில் அணி மட்டையைத் தூக்க மறந்துவிடும் போல.

இன்னும் பழைய உதாரணம் வால்ட்டர் ஜான்சன். 1907 முதல் 1927 வரை வாஷிங்டன் அணிக்கு மட்டுமே ஆடி 417 வெற்றி சேர்த்தவர். எதிரணியை ஒரு ரன்கூட எடுக்கவிடாமல் தனியாளாக முடித்த ஆட்டங்கள் (ஷட்அவுட்) 110, இன்றுவரை அதுவே உச்சம். 1-0 என்று முடிந்த ஆட்டங்களில் 38ஐ வென்றார், 26ஐத் தோற்றார். அந்த 26 நாளும் அவர் விட்டது ஒரே ஒரு ரன். கணக்குப் புத்தகத்தில் அவை வெறும் 26 தோல்விகள்.

இதைப் படித்துவிட்டு வெற்றிக் கணக்கையே குப்பையில் போடுவது எதிர்ப்பக்கத் தவறு. 1972இல் ஃபிலடெல்ஃபியா ஃபிலீஸ் படுமோசமான அணி. மொத்தமே 59 ஆட்டம்தான் ஜெயித்தது. அதில் 27 ஸ்டீவ் கார்ல்ட்டனின் கணக்கில் இருக்கிறது. அவர் தொடங்கிய ஆட்டங்களில் 30ஐ அவரே கடைசிவரை வீசி முடித்தார். அணியின் தயவு அவருக்கு அதிகம் தேவைப்படவில்லை. ஆக, ஒரு வெற்றி யாருடையது என்ற கேள்விக்கான விடை, அந்த ஆட்டத்தில் பிட்சர் எத்தனை இன்னிங்ஸ் நின்றார் என்பதைப் பொறுத்தே மாறுகிறது. காலம் செல்லச் செல்ல அந்த இன்னிங்ஸ் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அந்தப் புள்ளி தசமப் புள்ளி இல்லை

இது சின்ன விஷயம்தான், ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்கிற எல்லோரும் ஒருமுறையாவது விழுகிற குழி. பிட்சரின் கணக்கில் 6.1 இன்னிங்ஸ் என்று இருந்தால் ஆறு இன்னிங்ஸும் ஓர் அவுட்டும். 6.2 என்றால் இரண்டு அவுட். 6.3 என்று ஒன்று வராது, அது 7 ஆகிவிடும். கிரிக்கெட்டில் 6.2 ஓவர் என்று படிக்கத் தெரிந்த நமக்கு இது எளிதில் புரிய வேண்டும். ஆனால் எக்செல்லுக்குப் புரியாது. ஒரு பிட்சரின் முழு சீசனையும் ஆட்டம் ஆட்டமாக ஏற்றிக் கூட்டல் போட்டேன், இ.ஆர்.ஏ. ஒட்டவே இல்லை. ரன்னைத் தப்பாக ஏற்றிவிட்டேனோ என்று ஒரு மாலை முழுக்கத் தேடினேன். கோளாறு புள்ளியில் இருந்தது.

6.1, 5.2, 7.2 என்று மூன்று ஆட்டம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியே கூட்டினால் 18.5 வரும், அப்படி ஓர் எண்ணே இந்தக் கணக்கில் கிடையாது. எல்லாவற்றையும் அவுட்டாக மாற்றுங்கள்: 19, 17, 23. மொத்தம் 59 அவுட். மூன்றால் வகுத்தால் 19 இன்னிங்ஸ், மீதி 2 அவுட், ஆக 19.2. இ.ஆர்.ஏ. வேண்டுமா? பிழையில்லாமல் வந்த ரன்களை 27ஆல் பெருக்கி அவுட்டால் வகுத்துவிடுங்கள். புள்ளித் தொல்லையே இல்லை.

காலத்தைக் கழற்றிவிட்டு எண்ணை மட்டும் பார்ப்பது

சை யங்கின் 511 வெற்றிகளைப் பார்த்து வாய் பிளக்காதவர் இல்லை. இரண்டாமிடத்தில் இருக்கும் ஜான்சனுக்கும் அவருக்கும் 94 வெற்றி இடைவெளி. ஆனால் சை யங் ஆடத் தொடங்கிய 1890இல் பிட்சர் வீசும் தூரமே வேறு. இன்றுள்ள 60 அடி 6 அங்குலம் 1893இல்தான் வந்தது. அவர் தொடங்கிய 815 ஆட்டங்களில் 749ஐ அவரே முடித்தார். இப்போது 30 அணிகளும் சேர்ந்தே ஒரு சீசனில் அப்படி முடிப்பது முப்பதை ஒட்டித்தான் இருக்கிறது. அத்தனை ஆட்டங்களைக் கடைசிவரை வீசியதால் தோல்விகளும் அவர் தலையிலேயே விழுந்தன. அதிகத் தோல்வி கண்ட பிட்சரும் அவரே. இதைச் சொல்லும்போது அவரைக் குறைக்கிறேன் என்று சிலர் கோபித்துக்கொள்கிறார்கள். 511ஐயும் அந்தத் தோல்விகளையும் தந்தது ஒரே வகை உழைப்பு என்றுதான் சொல்கிறேன்.

அவர் பெயரிலுள்ள விருதிலும் இதே வழுக்கல் உண்டு. ‘ஜான்சன் எத்தனை சை யங் வாங்கினார்?’ என்று கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சை யங் இறந்தது 1955, விருது தொடங்கியது 1956. 1966 வரை இரண்டு லீகுக்கும் சேர்த்து ஒரே விருதுதான். ஆகவே 1963, 1965, 1966 ஆண்டுகளில் சாண்டி கோஃபக்ஸ் வாங்கிய மூன்றையும், இன்று லீகுக்கு ஒன்று என்று தரப்படும் மூன்றையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

இ.ஆர்.ஏ.வுக்கும் காலம் உண்டு. 1968இல் செயின்ட் லூயிஸின் பாப் கிப்சன் 1.12 என்று முடித்தார். 2000இல் பாஸ்டனின் பெட்ரோ மார்ட்டினஸ் 1.74. கிப்சனே மேல் என்று சட்டென்று சொல்லத் தோன்றும். ஆனால் 1968 பிட்சர்களின் பொற்காலம், நேஷனல் லீகின் சராசரியே 2.99. பேட்டர்கள் பாவம் என்று மறு ஆண்டே பிட்சர் நிற்கும் மேட்டை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைத்தார்கள். பெட்ரோ ஆடிய அமெரிக்கன் லீகிலோ 2000இல் சராசரி 4.91, ரன் மழை. தன் காலத்துச் சராசரியை விட எவ்வளவு தள்ளி நின்றார் என்று பார்த்தால் பெட்ரோவின் ஆண்டுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அவருடைய மொத்த வெற்றி 219 மட்டுமே என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்ட்ரைக்அவுட்டில் இந்த வித்தியாசம் இன்னும் கூர்மையானது. வால்ட்டர் ஜான்சன் 1923இல் 3,000ஐத் தொட்டார். அடுத்த ஆள் கிப்சன், அது 1974இல். அரை நூற்றாண்டு அந்தக் கோட்டைத் தாண்டி ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தார். 2025 ஜூலையில் கிளேட்டன் கெர்ஷா தொட்டபோது அவர் இருபதாவது ஆள். பிட்சர்கள் எல்லோரும் திடீரென்று மேதைகளாகிவிட்டார்களா? பேட்டர்கள் மாறினார்கள். ஹோம் ரன்னுக்காக முழு வீச்சில் சுழற்றுவதும், அதில் தவறிப்போவதை அவமானமாக நினைக்காததும் வழக்கமாகிவிட்டது. 2018இல் முதன்முறையாக மேஜர் லீகில் மொத்த ஹிட்களை விட ஸ்ட்ரைக்அவுட்கள் அதிகம்.

உச்சியில் இருக்கும் ரயனின் 5,714ஐயும் தனியாகப் பார்க்கக் கூடாது. 27 சீசன், ஏழு நோ-ஹிட்டர் (ஒரு ஹிட்கூட விடாத ஆட்டம்), கூடவே 2,795 வாக் (நான்கு பால் வீசி பேட்டருக்கு முதல் பேஸை இலவசமாகத் தருவது). அதிலும் அவர்தான் முதலிடம், அடுத்துள்ள கார்ல்ட்டன் 1,833. ரயன் ஒருமுறைகூட சை யங் விருது வாங்கவில்லை என்பது பலருக்கு அதிர்ச்சி. வாக் கணக்கைப் பார்த்த பிறகு அதிர்ச்சி கொஞ்சம் குறையும். கிரெக் மேடக்ஸின் கணக்கைப் பக்கத்தில் வையுங்கள்: 355 வெற்றி, 3,371 ஸ்ட்ரைக்அவுட், 999 வாக். ஆயிரத்தைத் தொடாமல் போனது தற்செயலாகவே இருக்கட்டும், எனக்கு 355ஐ விட அந்த 999தான் பிடித்த எண்.

நீளமா, உயரமா?

நீண்ட நாள் ஆடினால் எண்ணிக்கை தானாகச் சேரும், அதில் என்ன பெருமை என்று ஒரு கட்சி. எண்ணிக்கை இல்லாதவர் பெரியவரே இல்லை என்று இன்னொரு கட்சி. இரண்டுக்கும் இடையில் 14 ஆண்டு மாட்டிக்கொண்டு தவித்தவர் பெர்ட் பிளைலெவன். 287 வெற்றி, 3,701 ஸ்ட்ரைக்அவுட், 60 ஷட்அவுட். பேஸ்பாலின் பெருமக்கள் மன்றமான ஹால் ஆஃப் ஃபேமுக்கு 75 சதவீத வாக்கு வேண்டும். 1999இல் அவருக்குக் கிடைத்தது 14 சதவீதம்தான். 300 வெற்றி என்ற மைல்கல்லுக்குத் தேவையான 13 இருந்திருந்தால் இவ்வளவு பாடு பட்டிருக்க மாட்டார். அவர் பெரும்பாலும் ஆடியது சுமாரான அணிகளுக்கு, அந்த 13 எங்கே போயிருக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை. 2011இல், 14ஆவது முயற்சியில் உள்ளே விட்டார்கள். அதற்குள் அவர் ஒரு பந்துகூடப் புதிதாக வீசவில்லை, படிக்கிறவர்கள்தான் கணக்கைப் புதிதாகப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள்.

கோஃபக்ஸ் இதற்கு நேரெதிர். 1960 வரை அவர் கணக்கு 36 வெற்றி, 40 தோல்வி. அடுத்த ஆறு ஆண்டில் 129 வெற்றி, 47 தோல்வி. முழங்கை வலியால் 30 வயதில் நிறுத்திக்கொண்டார், அதுவும் 27 ஆட்டம் வென்ற ஆண்டோடு. மொத்தம் 165தான். முதல் வாய்ப்பிலேயே ஹால் ஆஃப் ஃபேம்.

நீளத்தை இளக்காரமாகப் பேசுபவர்கள் ஜேமி மோயரைப் பார்க்க வேண்டும். 1991 முடிவில் 34 வெற்றி, 54 தோல்வி. 1992 முழுக்க மைனர் லீகில். வேகம் என்ற பேச்சே அவரிடம் கிடையாது. அவர் 2012 ஏப்ரலில் கொலராடோவுக்காக 49 வயதில் ஓர் ஆட்டத்தை வென்றார், அந்த வயதில் வென்றவர் வேறு யாரும் இல்லை. மொத்தம் 269. ஹோம் ரன்களை அதிகம் வாங்கியவரும் அவரே, 522. இத்தனை அடி வாங்கியும் 25 சீசன் ஒருவரை மேட்டில் நிற்கவிட்டார்கள் என்றால், மற்ற பந்துகளில் என்ன செய்தார் என்று யோசிக்க வேண்டும். விரல் நுனியால் தள்ளிவிடும் நக்கிள்பாலை நம்பிய ஃபில் நீக்ரோ 318இல் 121ஐ நாற்பதுக்குப் பிறகு வென்றவர், அது தோளை உலுக்காத பந்து. டாமி ஜான் வேறு ரகம். 1974இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் அவருடைய வலக்கையிலிருந்து தசைநாணை எடுத்து இடது முழங்கையில் வைத்துத் தைத்தார். அதற்கு முன் 124 வெற்றி, பின் 164. ‘அந்தக் காலத்துக் கைகள் இரும்பு’ என்று பெருமூச்சு விடுபவர்கள், அந்த அறுவைக்கு முன்பு அதே வலியோடு சத்தமில்லாமல் வீட்டுக்குப் போனவர்களையும் எண்ண வேண்டும். அவர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை.

பட்டியல் கல்வெட்டு அல்ல

1929இல் குரோவர் அலெக்சாண்டர் தன் 373ஆவது வெற்றியைப் பெற்றபோது, கிறிஸ்டி மேத்யூசனின் 372ஐத் தாண்டிவிட்டதாக நம்பினார், ஊரும் நம்பியது. மறு ஆண்டு ஆட்டத்தை விட்டார். 1940களில் பழைய ஏடுகளைப் புரட்டியவர்கள் 1902இல் மேத்யூசனுக்குச் சேரவேண்டிய ஒரு வெற்றி விடுபட்டிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். 373-373. மேத்யூசன் இறந்தே பல ஆண்டாகிவிட்டது, அலெக்சாண்டர் திரும்பி வந்து இன்னொன்று வீசவும் முடியாது. இன்றும் இருவரும் சமம்.

இதைவிடப் பெரிய ஓட்டை நிறவெறியால் விழுந்தது. கறுப்பின பிட்சர் சாட்செல் பெய்ஜ் மேஜர் லீகில் முதன்முதலாக வீசியபோது ஆண்டு 1948, வயது 42. அதற்கு முந்தைய ஆண்டுதான் ஜாக்கி ராபின்சன் மூலம் கறுப்பினத்தவருக்குக் கதவு திறந்திருந்தது. பெய்ஜின் பெயருக்கு நேரே நெடுங்காலம் 28 வெற்றி என்றே இருந்தது. 1920 முதல் 1948 வரை கறுப்பினத்தவர் தனியாக ஆடிய நீக்ரோ லீகுகளின் கணக்கு 2024இல்தான் மேஜர் லீகின் அதிகாரபூர்வ ஏட்டில் சேர்க்கப்பட்டது. அதிலும் ஊர் ஊராகப் போய் ஆடிய காட்சி ஆட்டங்கள் வராது, பெய்ஜின் வாழ்க்கையில் பாதி அதுதான். பழைய பட்டியலை வைத்துக்கொண்டு ‘எக்காலத்துக்கும்’ என்று எழுதும்போது கை கொஞ்சம் தயங்கட்டும்.

ஜப்பானில் மசாய்ச்சி கனேடாவுக்கு 400 வெற்றி இருக்கிறது. அதை அமெரிக்கப் பட்டியலில் மூன்றாவதாகச் செருகுவதும் வேண்டாம், இல்லாததுபோல் நடப்பதும் வேண்டாம். அது வேறு லீக்.

‘இனி எவனும் வரமாட்டான்’

1963இல் ஏர்லி வின் 300ஐ எட்டினார். அதுவும் 299இல் நின்றுபோய், பழைய அணியான கிளீவ்லாந்து கூப்பிட்டதால் தட்டுத்தடுமாறி எட்டினார். சரியாக 300உடன் முடிந்தது. பிறகு 19 ஆண்டு யாரும் வரவில்லை. 1982இல் கேலார்ட் பெர்ரி வந்தார், பின்னாலேயே கார்ல்ட்டன், சீவர், நீக்ரோ, சட்டன், ரயன் என்று வரிசை கட்டினார்கள். எனவே இனி யாரும் 300ஐ எட்டமாட்டார்கள் என்று அடித்துச் சொல்ல நான் தயாரில்லை. ஆனால் அன்றைய நிலைமை வேறு, இன்றைய நிலைமை வேறு என்பதும் உண்மை. ஒரு சீசனில் 300 இன்னிங்ஸ் வீசிய கடைசி ஆள் 1980இல் கார்ல்ட்டன். ஜஸ்டின் வெர்லாண்டர் அறுவை முடித்துத் திரும்பி 39 வயதில் சை யங் வாங்கியவர். அவரே 2025 முடிவில் 266இல் நிற்கிறார்.

300ஐ எட்டிய 24 பேரில் கடைசியானவர் ராண்டி ஜான்சன். 2009 ஜூன் 4, வாஷிங்டன். முந்தைய நாள் ஆட்டம் மழையில் போனது. 45 வயது ஜான்சன் ஆறு இன்னிங்ஸ் வீசிவிட்டு 2-1 முன்னிலையில் இறங்கினார். எட்டாவது இன்னிங்ஸில் மூன்று பேஸிலும் ஆட்கள், இரண்டு அவுட், அடிக்க நிற்பவர் ஆடம் டன். அவர் ஒரு ஹிட் அடித்தால் 300 அன்று இல்லை. வீசியவர் பிரையன் வில்சன் என்ற ரிலீவர். மூன்று பால், இரண்டு ஸ்ட்ரைக். அடுத்த பந்து முழங்கால் உயரத்தில் போனது, டன் மட்டையை அசைக்கவில்லை, அம்பயர் ஸ்ட்ரைக் என்றார்.