பழைய பாலத்தைக் காக்கப் போய்ச் செய்யும் தவறுகள்

இலங்கை மலையகத்தின் ஓயாக்களுக்கு, அதாவது சிற்றாறுகளுக்கு, மேலே நிற்கும் வெள்ளைக்காரன் காலத்துப் பாலங்கள் மாட்டு வண்டிக்கும், தேயிலைப் பெட்டி ஏற்றிய சின்ன லொறிக்கும் கட்டியவை. இன்று அவற்றில் மணல் டிப்பர் ஓடுகிறது. பிரதேச சபைக்கோ தோட்டத்துக்கோ புதிதாக வரும் தொழில்நுட்ப உத்தியோகத்தர்கள், முன்னால் இருந்தவர்கள் செய்த அதே பிழைகளைத்தான் திரும்பச் செய்கிறார்கள். துருவைச் சுரண்டு, பெயின்ட் அடி என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுவோம்.

பலகை எண்ணைச் சுமை என்று விளங்கிக்கொள்ள விடுவது

பாலத்தின் பாரக் கட்டுப்பாட்டுப் பலகையில் "10 தொன்" என்றால் வண்டியும் சுமையும் சேர்த்து 10 தொன். டிப்பர்காரர் கணக்கு வைத்திருப்பதோ கியூபில். ஒரு கியூப் 100 கன அடி, அதாவது 2.83 கன மீற்றர். ஆற்றிலிருந்து அள்ளிய ஈர மணல் கியூபுக்கு ஏறத்தாழ 5 தொன் வரும். மூன்று கியூப் ஏற்றினால் மணல் மட்டுமே 15 தொன். பெரிய டிப்பர் வெறுமையாகவே பலகை எண்ணை நெருங்கிவிடும். "வாகனமும் சுமையும் சேர்த்து" என்று மூன்று மொழியிலும் எழுதுங்கள்.

பலகையைப் பாலத்தடியில் நடுவது

சுமையோடு கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி வந்தவர் அங்கே வண்டியைத் திருப்ப முடியாது, பின்பக்கமாக மேட்டில் ஏற்றவும் முடியாது. "இந்த ஒருதரம்" என்று போய்விடுவார். லொறி திரும்பக்கூடிய கடைசிச் சந்தியில் நடுங்கள்.

உயரத் தடுப்பு

மணலும் மெட்டல் கல்லும் பாரமே தவிர உயரமில்லை. டிப்பர் குறுக்குக் கம்பிக்குக் கீழே போய்விடும், மாட்டுவது பஸ். அகலத்தைக் குறையுங்கள். பெரிய லொறி ஏறத்தாழ 2.5 மீற்றர் அகலம். வீதியின் இரு பக்கமும் நட்ட கட்டைகளுக்கிடையே 2.2 மீற்றர் விட்டால் வேனும் சின்னக் கொழுந்து லொறியும் போகும். கட்டையின் உயரம் பக்கக் கண்ணாடிக்குக் கீழே நிற்கட்டும். பஸ் ஓடும் பாதைக்கு இது சரிவராது, அங்கே ஆள் நிறுத்தித்தான் ஆகவேண்டும்.

பாலத்தின் மேலும் காபட் போடுவது

எத்தனை தரம் சொன்னாலும் நிற்காத பிழை இது. வீதிக்குக் காபட் (தார்க் கலவைப் படை) போடும் மதிப்பீட்டில் பாலத்தின் நீளமும் சேர்ந்துவிடும். இயந்திரம் நிற்காமல் பாலத்தையும் மூடிக்கொண்டு போகும். ஊர் மகிழும்.

கணக்கைப் பாருங்கள். 20 மீற்றர் நீளம், 5 மீற்றர் அகலமுள்ள பாலம். 50 மில்லிமீற்றர் காபட் என்றால் 5 கன மீற்றர், கன மீற்றருக்கு 2.4 தொன் வீதம் 12 தொன். இரண்டு முனையில் மட்டும் தாங்கி நிற்கும் பாலத்தில், இப்படிப் பரவிய 12 தொன் பாலத்தை வளைக்கும் தாக்கம், நடுவில் வைத்த 6 தொன்னுக்குச் சமம். அதாவது ஒரு சின்ன லொறியைப் பாலத்தின் நடுவில் இரவும் பகலும் நிறுத்திவைத்த மாதிரி. மூன்று தரம் போட்டால் மூன்று லொறி. ஆனால் பலகையில் அதே பழைய 10 தொன்! டிப்பரை மறிக்கப் பொலிஸாரைக் கூப்பிடுகிறவர்கள், தாங்களே ஏற்றிவைத்த பாரத்தை எண்ணுவதில்லை.

பாரத்தோடு முடியவில்லை. நீர் வடியும் குழாய்கள் அடைபடும். மழைநீர் தளத்துக்குள் இறங்கிக் கம்பியை அரிக்கும். விரிவு இடைவெளி மூடி, வெயிலில் தளம் நீள இடமில்லாமல் முனைகள் உடையும். 200 மில்லிமீற்றர் உயர ஓரக்கட்டு மூன்று படைக்குப் பிறகு 50 ஆகிவிடும், சறுக்கும் சில்லை அது தடுக்காது. கைப்பிடிச் சுவரும் அதே அளவு தாழும்.

பழைய பாலத்தில் ஓரக்கட்டை அளந்து பாருங்கள், எத்தனை படை ஏறியிருக்கிறது என்று அதுவே சொல்லும். புதிதாகப் போடுமுன் பழையதைத் தளம் வரை சுரண்டி எடுங்கள். பெரிய பிரேக்கர் (உடைக்கும் இயந்திரம்) வேண்டாம், அது தளத்தையே வெடிக்க வைக்கும். பாலத்துக்கு 10 மீற்றர் முன்பிருந்தே காபட்டின் தடிப்பைக் குறைத்துப் பழைய மட்டத்தில் சேருங்கள். வடிகுழாயை இரும்பு உத்தரத்துக்குக் கீழே 150 மில்லிமீற்றர் நீட்டிவிடுங்கள். சுரண்ட வழியில்லையா? பலகை எண்ணைப் பொறியியலாளரைக் கொண்டு மறுபடி கணக்கிட்டுக் குறையுங்கள்.

பாலத்தடியில் வேகத்தடை

சில்லு துள்ளிப் பாலத்தில் விழும். 30 மீற்றர் முன்னால் போடுங்கள்.

"பெய்லி எதையும் தாங்கும்"

பெய்லி என்பது இரும்புப் பனல்களைப் பூட்டி அவசரத்துக்குப் போடும் பாலம். 2025 நவம்பர் டித்வா புயலுக்குப் பிறகு இந்தப் பேச்சு கூடிவிட்டது. பெய்லியின் ஒவ்வொரு பனலும் 10 அடி நீளம். அதே பனல்களை ஒற்றை வரிசையில் நீளமாக இணைத்தால் தாங்கும் அளவு இறங்கும், இரட்டை வரிசையாக்கினால் ஏறும். பக்கத்து ஊர்ப் பெய்லியில் டிப்பர் போனது உங்கள் பெய்லிக்குச் சாட்சியல்ல. ஒரு நேரத்தில் ஒரு வாகனம்தான். பனல்களை இணைக்கும் ஊசிகளின் பூட்டுகள் கழன்றிருக்கின்றனவா என்று வாரம் ஒருமுறை பாருங்கள்.

தூணுக்குப் பக்கத்தில் மணல் அள்ள விடுவது

அத்திவாரம் வெளியே தெரிந்த பிறகு டிப்பரைத் திட்டிப் பயனில்லை.

வெடிப்புக்குச் சீமெந்து பூசுவது

பூசினால் வெடிப்பு மறையும், வளர்வது தெரியாது. இரு நுனியிலும் பெயின்ட்டால் குறுக்குக் கோடு போட்டுத் திகதி எழுதுங்கள். கோட்டைத் தாண்டியிருந்தால் அன்றைக்கே கனரக வாகனத்தை நிறுத்திவிட்டு வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கோ மாகாண வீதித் திணைக்களத்துக்கோ, பாலம் யாருடையதோ அவர்களுக்கு, படத்தோடு எழுதுங்கள்.