அப்லேஷனுக்குப் பிறகும் படபடப்பா? செய்யக்கூடாத சில காரியங்கள்

துடிப்புக் கோளாறுக்கு அப்லேஷன் (கோளாறுக்குக் காரணமான இதயத் திசுவைச் சூட்டாலோ குளிராலோ செயலிழக்கச் செய்யும் சிகிச்சை) செய்துகொண்டவர்கள் மறுபரிசோதனைக்கு வரும் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். "எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லித்தானே அனுப்பினீர்கள், இன்னும் ஏன் அடித்துக்கொள்கிறது?" என்று யாராவது கேட்காத நாளே இல்லை. முன்பு வந்தவர்கள் செய்த அதே தவறுகளைத்தான் இப்போது வருபவர்களும் செய்கிறார்கள். மாத்திரையை மறப்பது, காயம் ஆறுவதற்குள் பாரம் தூக்குவது எல்லாம் டிஸ்சார்ஜ் தாளிலேயே இருக்கிறது. அதை விட்டுவிடுகிறேன்.

முதல் மாதத்திலேயே "பலனில்லை" என்று முடிவு கட்டுவது

சூடு வைத்த இடமோ உறைய வைத்த இடமோ, வீக்கம் வடிந்து தழும்பாக இறுகப் பல வாரம் ஆகும். அதுவரை துடிப்பு தாறுமாறாக இருக்கலாம். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்குச் (இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிக்கும் கோளாறு) செய்த அப்லேஷனில், இந்தக் காலத்தில் வரும் படபடப்பைத் தோல்வியாகக் கணக்கில் எடுப்பதில்லை. முன்பு மூன்று மாதம் பொறுத்துப் பார்ப்பார்கள். 2024-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் அதை இரண்டு மாதமாகக் குறைத்தது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது நாடி முன்பைவிடப் பத்து வரை கூடுதலாக இருப்பதும் சகஜம். துடிப்பை மெதுவாக்கும் நரம்பு முடிச்சுகளிலும் கொஞ்சம் சூடு படுவதுதான் காரணம்.

படபடப்பு நின்ற பிறகு ஈசிஜி எடுப்பது

இதைப் பார்க்கும்போது இன்றும் எரிச்சல் வருகிறது.

ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா. அப்லேஷன் முடிந்து நாலாவது மாதம், ராத்திரி சாப்பிட்டுப் படுத்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஆட்டோ பிடித்து எமர்ஜென்சிக்குப் போவதற்குள் நின்றுவிடும். ஈசிஜி நார்மல். "பயம்தாம்மா, மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்று தூக்க மாத்திரை எழுதி அனுப்பிவிட்டார்கள். மறுபடியும் அப்படியே நடந்தது. கடைசியில் வீட்டிலிருப்பவர்களே அவரை நம்புவதை விட்டுவிட்டார்கள்.

நார்மல் ஈசிஜி என்றால், எடுத்த அந்தச் சில நொடிகள் நார்மல் என்று மட்டுமே பொருள். திருடன் ஓடிய பிறகு வந்து பார்த்துவிட்டு, திருட்டே நடக்கவில்லை என்று சொல்ல முடியுமா?

"ஆரம்பித்ததுமே பக்கத்தில் ஈசிஜி இருக்கிற கிளினிக்குக்குப் போங்கள், பிபி பார்ப்பதற்கு முன்னாலேயே ஈசிஜி எடுக்கச் சொல்லுங்கள்" என்று அவரிடம் சொல்லி அனுப்பினோம். அடுத்த முறை வந்தபோது கையில் தாள் இருந்தது. நிமிடத்துக்கு 150. பயத்தில் ஏறும் துடிப்பு மெல்ல ஏறி மெல்ல இறங்கும், ஏறவும் இறங்கவும் செய்யும். இது 150-லேயே அசையாமல் நின்றது. மேலறை நிமிடத்துக்கு 300 முறை சுற்ற, இரண்டுக்கு ஒன்று கீழறைக்கு இறங்குகிறது. ஏட்ரியல் ஃப்ளட்டர். பழைய தழும்புகளுக்கு நடுவே விட்டுப்போன இடைவெளி வழியாக மின்சாரம் சுற்றியிருக்கிறது. இரண்டாவது அப்லேஷனில் அதை அடைத்தார்கள். அத்தனை மாதம் அவர் விழுங்கிய தூக்க மாத்திரைக்கு வேலையே இருக்கவில்லை.

தினமும் வருகிறது என்றால் 24 மணி நேர ஹோல்ட்டர் (உடம்பில் மாட்டிக்கொண்டே ஈசிஜி பதியும் கருவி) போதும். வாரத்துக்கு ஒருமுறை என்றால் அது வீண். ஒன்றிரண்டு வாரம் நெஞ்சில் ஒட்டியிருந்து துடிப்பைப் பதியும் பேட்ச் கேளுங்கள். மாதக்கணக்கில் எப்போதாவதுதான் வருகிறது, மயக்கமும் இருக்கிறது என்றால் தோலுக்கடியில் வைக்கும் சின்ன லூப் ரெக்கார்டர் இருக்கிறது. கைக்கடிகார ஈசிஜியும் உதவும். ஆனால் அது எழுதிக் காட்டும் முடிவை நம்பி விட்டுவிடாமல், வரைபடத்தை டாக்டரிடம் காட்டுங்கள்.

பதிவில் வெறும் அதிகப்படித் துடிப்பு (நடுவே முந்திக்கொண்டு வரும் ஒற்றைத் துடிப்பு) மட்டும் வந்தாலும் நல்லதுதான். எஸ்விடிக்கு (திடீரென்று வேகமாக அடிக்கத் தொடங்கும் துடிப்புக் கோளாறு) அப்லேஷன் செய்தவர்கள் பலர் "கிளம்பப் பார்க்கிறது, ஆனால் கிளம்பவில்லை" என்பார்கள். தூண்டிவிடும் துடிப்பு இன்னும் வருகிறது, ஓடும் பாதைதான் இல்லை. கையில் பதிவு இருந்தால் அதை நிம்மதியாகச் சொல்லலாம்.

ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்துவது

கூடவே கூடாது. படபடப்பு நின்றதை வைத்து அதை நிறுத்துவதில்லை, பக்கவாத ஆபத்தை வைத்துத்தான்.

எல்லாவற்றையும் துடிப்பின் தலையில் கட்டுவது

சோர்வு போகவில்லையா? முதலில் மாத்திரைப் பட்டியலைப் பாருங்கள், துடிப்பை மெதுவாக்கும் பீட்டா பிளாக்கர் காரணமாக இருக்கலாம். துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன் மாத்திரை சாப்பிட்டவர்கள் தைராய்டு பாருங்கள். நிறுத்தி மாதக்கணக்கான பிறகும் அது தைராய்டைக் கெடுக்கும். ரத்தசோகை, ராத்திரிக் குறட்டையோடு மூச்சுத் தடைபடுவது இரண்டும் இங்கே அடிக்கடி தப்பிப்போகின்றன. மூச்சிரைப்பு தனியாக வந்தால் உதரவிதான நரம்பையும் (மூச்சு விடவைக்கும் தசையை இயக்குவது), சில மாதம் கழித்து இருமலோடோ ரத்தச் சளியோடோ வந்தால் நுரையீரல் சிரைகள் சுருங்கியிருக்கின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும்.

காய்ச்சலை "சீசன் காய்ச்சல்" என்று விடுவது

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் அப்லேஷனுக்குப் பிறகு முதல் இரண்டு மாதத்தில் காய்ச்சல், விழுங்கும்போது வலி, பேச்சுக் குழறல் எது வந்தாலும் அன்றே பெரிய ஆஸ்பத்திரி. அரிதாக, உணவுக்குழாய்க்கும் இதயத்துக்கும் நடுவே ஓட்டை விழுந்திருக்கலாம். அப்லேஷன் செய்ததை வாசலிலேயே சொல்லுங்கள். எடுக்க வேண்டியது மார்பு சிடி ஸ்கேன். எண்டோஸ்கோபி செய்ய விடாதீர்கள். அதில் ஊதும் காற்று அந்த ஓட்டை வழியாக இதயத்துக்குள் போய் உயிரையே பறித்துவிடும்.