உயர்தரப் பெறுபேறு வந்துவிட்டது, கெம்பஸ் விண்ணப்பத்தை எப்படி நிரப்புவது?

பெறுபேறு வந்த நாளுக்கும் விண்ணப்பம் மூடும் நாளுக்கும் இடையில் இருப்பது சில வாரங்கள்தான். புள்ளி போதாமல் இடம் போனால் அடுத்த ஷையில், அதாவது அடுத்த தடவைப் பரீட்சையில், பார்த்துக்கொள்ளலாம். புள்ளி இருந்தும் பெயர் எழுத்திலோ, மாவட்டத்திலோ, தெரிவு வரிசையிலோ பிசகி இடம் போனால்தான் வயிறு எரியும். அந்தப் பிசகுகளைத் தவிர்க்கவே இந்தப் பதிவு.

உதாரணத்துக்குப் பதுளையில் உள்ள ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்கிறோம். 2005இல் தொடங்கப்பட்ட அரச பல்கலைக்கழகம் இது. பேராதனைக்கோ சப்ரகமுவவுக்கோ போடுகிறவர்களுக்கும் படிகள் இவையேதான். பல்கலைக்கழகம் எதுவானாலும் பிள்ளைகளைத் தெரிவு செய்வது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, நாம் யூஜிசி என்று சொல்வது.

படி 1: தகுதியைப் பாருங்கள்

மூன்று பாடத்திலும் குறைந்தது 'எஸ்' (சாதாரண) சித்தி வேண்டும், அதுவும் ஒரே தடவையில். பொதுச் சாதாரணப் பரீட்சையில் 30 புள்ளிக்குக் குறையக்கூடாது. அந்தத் தாளை யாரும் பெரிதாக மதிப்பதில்லை. 30க்குக் கீழே போனால் மூன்று 'ஏ' இருந்தும் விண்ணப்பிக்க முடியாது.

படி 2: இசட் புள்ளியை விளங்கிக்கொள்ளுங்கள்

'ஏ', 'பி' எழுத்துகளை வைத்து இடம் கொடுப்பதில்லை. உங்கள் புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் (புள்ளிகள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்ற அளவு) வகுத்தால் அந்தப் பாடத்தின் இசட் வரும். மூன்று பாட இசட்டின் சராசரிதான் உங்கள் இசட் புள்ளி. கற்பனை எண்களில் ஒரு கணக்கு:

உயிரியல் 68, சராசரி 50, விலகல் 15: இசட் 1.20
இரசாயனவியல் 52, சராசரி 40, விலகல் 16: இசட் 0.75
பௌதிகவியல் 45, சராசரி 36, விலகல் 15: இசட் 0.60
கூட்டினால் 2.55, மூன்றால் வகுத்தால் 0.8500

இந்த எண்ணைக் கடந்த ஆண்டு வெட்டுப்புள்ளி (இடம் கிடைத்த கடைசி ஆளின் இசட் புள்ளி) அட்டவணையில் உங்கள் மாவட்டத்துக்கு நேரே வைத்துப் பாருங்கள். பக்கத்து மாவட்ட வரிசையைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், அளவுகோல் வைத்துப் பாருங்கள். அட்டவணையில் 'என்கியூசி' என்று போட்டிருந்தால், அந்த மாவட்டத்திலிருந்து அந்தக் கற்கைநெறிக்குத் தகுதியான ஆள் அந்த ஆண்டு வரவில்லை என்று அர்த்தம். அப்படிப்பட்ட இடங்களைக் குறித்து வையுங்கள். வெட்டுப்புள்ளி ஆண்டுக்கு ஆண்டு மாறும். அதனால் கடந்த ஆண்டு எண் உங்களுடையதை விடச் சற்றுக் கூடியிருந்தாலும் அந்தக் கற்கைநெறியை விட்டுவிடாதீர்கள்.

படி 3: உங்கள் மாவட்டம் எது?

பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் போகும். 55 வீதம் சனத்தொகைக்கு ஏற்ப 25 மாவட்டங்களுக்கும் பிரிக்கப்படும். மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியா, பதுளை, மொனராகலை, இரத்தினபுரி அந்தப் பட்டியலில் உண்டு. கண்டியும் மாத்தளையும் இல்லை. சில கற்கைநெறிகளுக்கு மாவட்ட ஒதுக்கீடே கிடையாது, முழுக்க அகில இலங்கைத் திறமைதான். எவை என்பது யூஜிசி கைநூலில் இருக்கிறது.

மாவட்டத்தைத் தீர்மானிப்பது, பரீட்சைக்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் நீங்கள் படித்த பாடசாலை. ஹட்டனில் சாதாரண தரம் முடித்து, உயர்தரத்துக்குக் கண்டியில் போய்ப் போடிங்கில் (வாடகைத் தங்குமிடத்தில்) நின்ற பிள்ளைக்குச் சிக்கல் வருவது இங்கேதான். மூன்று ஆண்டுக்குள் இரண்டு மாவட்டம் வந்துவிடும். வீடு நுவரெலியாவில் என்பதால் நுவரெலியா என்று நீங்களாகப் போட்டுவிடாதீர்கள். கைநூலில் அந்தப் பகுதியை வரி வரியாக வாசித்து, விடுகைப் பத்திரங்களில் உள்ள திகதிகளோடு ஒப்பிட்டு, அதிபரிடமும் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

படி 4: பெயர், முகவரி, மின்னஞ்சல்

பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பரீட்சை அனுமதி அட்டை மூன்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயரை எழுத்து எழுத்தாகப் பாருங்கள். தமிழ்ப் பெயரைச் சிங்களத்தில் பதிந்து, அதிலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போது எழுத்து மாறும். ஒன்றில் தகப்பன் பெயர் முழுதாக இருக்கும், மற்றதில் முதலெழுத்து மட்டும். வித்தியாசம் இருந்தால் சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி எடுத்து வையுங்கள். பிறப்புச் சான்றிதழிலேயே பிழை என்றால் திருத்தம் இழுபடும், அதை இன்றே தொடங்குங்கள்.

முகவரியில் தோட்டத்தின் பெயரோடு பிரிவையும் எழுதுங்கள். தோட்ட ஆபீசுக்குப் போகும் கடிதம் லயத்துக்கு வர எத்தனை நாள் எடுக்கும் என்பது உங்களுக்கே தெரியும். கடிதத்தை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

கொமியூனிக்கேஷன் கடையில் விண்ணப்பம் நிரப்பக் கொடுத்தால் ஒன்றை விடாப்பிடியாகச் செய்யுங்கள். உங்கள் சொந்த மின்னஞ்சலையும், உங்கள் கையில் இருக்கும் போன் இலக்கத்தையும் போடச் சொல்லுங்கள். கடைக்காரர் அவசரத்தில் தன் மின்னஞ்சலைப் போட்டுவிட்டால், தெரிவான செய்தி அவருடைய பெட்டியில் கிடக்கும், பதிவுத் திகதி தாண்டிவிடும். கடவுச்சொல்லைக் கொப்பியில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 5: தெரிவு வரிசை

ஒவ்வொரு கற்கைநெறிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் சேர்த்து ஒரு யூனிகோட் (யூஜிசி தரும் குறியீடு) உண்டு. அவற்றை விருப்ப வரிசையில் போட வேண்டும். யூஜிசி மேலிருந்து கீழே பார்த்து, உங்கள் புள்ளி எட்டும் முதலாவது இடத்தைத் தரும். கீழே உள்ளவை அத்தோடு போய்விடும்.

ஆகவே 'கட்டாயம் கிடைக்கும்' என்று நினைப்பதை முதலில் போட்டால் அதுவேதான் கிடைக்கும். இரண்டாவதாகப் போட்ட, நீங்கள் உண்மையில் விரும்பிய இடத்துக்குப் புள்ளி எட்டியிருந்தாலும் கிடைக்காது. ஆசைப்படுவதை மேலே, நிச்சயமானதைக் கீழே போடுங்கள். நான்கைந்தோடு நிறுத்தாமல், படிக்கச் சம்மதமான எல்லாவற்றையும் போடுங்கள். படிக்கவே மாட்டேன் என்பதை மட்டும் விடுங்கள்.

சில கற்கைநெறிகளுக்கு உளச்சார்புப் பரீட்சை (அந்தப் படிப்புக்கு ஏற்ற திறன் இருக்கிறதா என்று பார்ப்பது) உண்டு. அதற்குச் சம்பந்தப்பட்ட பல்கலைக்கழகத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அதில் சித்தியில்லாமல் யூனிகோட்டை மட்டும் போட்டால் அந்த வரி வீண்.

மொழியையும் பாருங்கள். ஊவா வெல்லஸ்ஸவில் படிப்பு ஆங்கிலத்தில். பேராதனைக் கலைப்பீடத்தில் தமிழிலும் படிக்கலாம். ஆங்கிலத்துக்குப் பயந்து ஒரு கற்கைநெறியை விடத் தேவையில்லை. விண்ணப்பத்துக்கும் முதல் விரிவுரைக்கும் இடையில் மாதக்கணக்கில் நேரம் இருக்கிறது, ஆங்கிலத்துக்கு அது போதும்.

படி 6: செலவுக் கணக்கு

அரச பல்கலைக்கழகத்தில் முதல் பட்டத்துக்குப் படிப்புக் கட்டணம் இல்லை. ஆனால் சாப்பாடு, போக்குவரத்து, போடிங் வாடகை, டேட்டா, போட்டோகொப்பி எல்லாம் உங்கள் கையிலிருந்துதான். விடுதி கிடைத்தால் செலவு பெருமளவு குறையும், ஆனால் எல்லா ஆண்டும் கிடைக்கும் என்று கணக்குப் போடாதீர்கள்.

மகாபொல புலமைப்பரிசில் 2025இல் மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆகவும், மற்ற நிதியுதவி 4,000இலிருந்து 6,500 ஆகவும் கூடியது. வரவு செலவுத் திட்டத்தோடு மாறும் தொகை இது, உங்கள் ஆண்டின் தொகையைப் போடுங்கள். மகாபொல ஆண்டுக்கு 10 மாதம்தான். 7,500 என்றால் ஆண்டுக்கு 75,000. 12 மாதத்துக்குப் பிரித்தால் 6,250. உங்கள் மாதச் செலவில் அதைக் கழித்து வருவதுதான் வீடு அனுப்ப வேண்டிய தொகை.

மகாபொல முதல் தவணைப் பணம், கெம்பஸ் போன உடனே கைக்கு வராது. பலர் திணறுவது அந்த முதல் மாதங்களில்தான். சீட்டோ சேமிப்போ, மூன்று நான்கு மாதச் செலவை முன்கூட்டியே ஒதுக்குங்கள்.

வருமானத்தை உறுதிப்படுத்தக் கிராம உத்தியோகத்தரும் பிரதேச செயலகமும் வேண்டும். தோட்டத்தில் பேர் போடுகிறவர்கள் (நாட்கூலிக்கு வேலை செய்கிறவர்கள்), கொழுந்து நன்றாக இருந்த ஒரு மாதச் சம்பளத் துண்டை 12ஆல் பெருக்கிவிடுகிறார்கள். வரட்சி மாதத்தில் கிடைத்தது அதில் பாதிகூட இருக்காது. ஆபீசில் முழு ஆண்டு விபரத்தையே கேட்டு வாங்குங்கள். தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயம் கண்டியில் நடத்தும் கல்வி நிதியத்தின் புலமைப்பரிசிலையும் விசாரியுங்கள்.

படி 7: முடித்த பிறகு என்ன?

பட்டம் சாதாரணமா சிறப்பா என்று முதலில் பாருங்கள். இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் சாதாரணப் பட்டம் 5ஆம் மட்டம், 90 திறமைப் புள்ளி (கிரெடிட்). சிறப்புப் பட்டம் 6ஆம் மட்டம், 120. பிறகு கைத்தொழிற் பயிற்சி எத்தனை மாதம், எந்த மாதிரி இடங்களில் என்று கேளுங்கள். விளம்பரத்தை விட, போன வருடம் வெளியேறிய பெச்சில் இரண்டு பேரிடம் "இப்போது எங்கே வேலை, எத்தனை மாதத்தில் கிடைத்தது?" என்று கேட்பது மேல்.

ஊவா வெல்லஸ்ஸவில் தேயிலைத் தொழில்நுட்பமும் பெறுமதி சேர்த்தலும் என்று ஒரு பட்டம் உண்டு. "மறுபடியும் கொழுந்தா?" என்று வீட்டில் முகம் சுளிப்பார்கள். அந்தப் படிப்பு போய்ச் சேரும் இடம் தொழிற்சாலை நிர்வாகம், தேயிலை சுவை பார்த்தல், தரக் கட்டுப்பாடு, ஏற்றுமதி. தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் இருப்பதும் நம் மலையில்தான். பாட நிபந்தனை பொருந்துகிறது என்றால் பெயரைக் கேட்டே ஒதுக்காதீர்கள்.

தெரிவான செய்தி வந்தவுடன் பதிவுக்கான கடைசித் திகதியைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். அது தாண்டினால் இடம் அடுத்தவருக்கு.