தருமபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து பிரிட்டன் வந்திருப்பவர்களுக்கு: குறைந்த செலவில் உடல்நலம்

நம் இரு மாவட்டங்களிலிருந்தும் மேற்படிப்புக்காக இங்கு வரும் பிள்ளைகள் பலர் கடன் வாங்கித்தான் வருகிறார்கள். செலவைக் குறைக்க வேண்டும் என்றதும் அவர்கள் முதலில் கை வைப்பது சாப்பாட்டில். காலையில் ஒன்றுமில்லை, மதியம் நூடுல்ஸ், இரவு வேலை முடிந்து வரும் வழியில் பொரித்த கோழி என்று நாட்கள் ஓடிவிடுகின்றன. கணக்குப் போட்டுப் பார்த்தால் இது சிக்கனமும் அல்ல. அந்தக் கோழிக்கும் உருளைக்கிழங்கு வறுவலுக்கும் கொடுக்கிற காசில் இரண்டு நாளைக்குப் போதுமான பருப்பும் கீரையும் முட்டையும் வாங்கிவிடலாம். இங்கே உடம்பைக் கெடுப்பது காசுக் குறைவைவிட, சமைக்காமல் தள்ளிப்போடுகிற பழக்கம்தான் என்பது என் கருத்து.

பாலக்கோட்டிலோ தேன்கனிக்கோட்டையிலோ வளர்ந்தவர்களுக்கு ராகிக் களியும் கீரைக் கடைசலும் கொள்ளும் புதிதல்ல. ராகி மாவு தமிழ்க் கடைகளிலும் குஜராத்திக் கடைகளிலும் கிடைக்கிறது. லண்டனில் ஈஸ்ட் ஹாம், டூட்டிங், வெம்பிளி பக்கம் இருப்பவர்கள் தேடி அலையவே வேண்டியதில்லை. களி கிண்டுவதில்தான் சிக்கல். இங்குள்ள மின் அடுப்பின் கண்ணாடிப் பரப்பில் பாத்திரம் வழுக்கும், கைப்பிடி ஆடும். நொய் வெந்து மாவைக் கொட்டி, அதுவும் வெந்ததும் பாத்திரத்தை இறக்கி, ஈரத் துண்டை மடித்துத் தரையில் போட்டு, அதன் மேல் வைத்துக் கிண்டினால் பாத்திரம் நகராது. துடுப்பு இல்லாதவர்கள் தடித்த மரக்கரண்டியால் சமாளிக்கலாம். பச்சைக் கீரையை விலை கொடுத்து வாங்க வேண்டாம். சூப்பர் மார்க்கெட்டில் உறைய வைத்துப் பையில் விற்கும் கீரை விலை குறைவு, ஆய்வதும் அலசுவதும் மிச்சம், பருப்போடு வேகவைத்துக் கடைந்தால் வித்தியாசம் தெரியாது. டப்பாவில் அடைத்த மத்தி மீனும் இங்கே மலிவு. வெங்காயமும் மிளகாயும் வதக்கிப் புரட்டினால் ஒரு வேளைக் குழம்பு முடிந்தது. மாலையில் கடை மூடும் முன் மஞ்சள் சீட்டு ஒட்டி விலை குறைத்து விற்கும் பொருட்களை வாங்கலாம், ஆனால் அன்றே சமைக்கிறதாக இருந்தால் மட்டும்.

அரிசியைப் பற்றி ஒரு வார்த்தை. இருபது கிலோ மூட்டையை நான்கு பேர் சேர்ந்து வாங்குவது நல்ல யோசனைதான். ஆனால் மலிவாக இருக்கிறதே என்று மூன்று வேளையும் சோறே சாப்பிட்டால், நாற்காலியிலேயே உட்கார்ந்து படிக்கிற உடம்பு தாங்காது. தெற்காசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், பி.எம்.ஐ. எனப்படும் உடல் எடைக் குறியீடு 23-ஐத் தாண்டினாலே நம்மவர்கள் கவனிக்க வேண்டும் என்று இந்நாட்டு மருத்துவ வழிகாட்டுதல் சொல்கிறது. வெள்ளையருக்கு அந்த எல்லை 25. வீட்டில் யாருக்காவது சர்க்கரை இருந்தால் அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் நம் மாவட்டத்தாரிடம் ஒரு பயம் உண்டு, அதற்குக் காரணமும் உண்டு. ஆழ்துளைக் கிணற்று நீரில் இருந்த ஃப்ளூரைடால் பல்லில் பழுப்புக் கறை படிந்தவர்களும் மூட்டு வலியோடு வாழ்ந்தவர்களும் நம் ஊர்களில் ஏராளம். அதற்காகவே வந்தது, 2013-இல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். அந்த நினைவோடு வருகிறவர்கள், கெட்டிலின் அடியில் வெள்ளைப் படிவத்தைப் பார்த்ததும் பயந்து, வாரந்தோறும் பாட்டில் தண்ணீரைச் சுமக்கத் தொடங்குகிறார்கள். அது வெறும் சுண்ணாம்புப் படிவம். லண்டன் நீர் கடின நீர், அவ்வளவுதான். சமையலறைக் குளிர்நீர்க் குழாயில் வருவதைத் தாராளமாகக் குடிக்கலாம். பர்மிங்காம் போன்ற சில பகுதிகளில் ஃப்ளூரைடு சேர்க்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்ற அளவை ஒட்டியே சேர்க்கிறார்கள். அனுமதிக்கப்பட்ட உச்ச வரம்பு 1.5. பல் கறை சிறு வயதில் பல் உருவாகும்போது ஏற்படுவது. பெரியவர்களுக்குப் பற்பசையால் அது அதிகமாகாது. ஆகவே ஃப்ளூரைடு உள்ள சாதாரணப் பற்பசையையே வாங்குங்கள், பல் மருத்துவரிடம் போகும் செலவு மிச்சமாகும்.

வந்த முதல் வாரத்திலேயே வீட்டுக்கு அருகிலுள்ள குடும்ப மருத்துவரிடம், அதாவது ஜி.பி.யிடம் பெயரைப் பதிந்துவிடுங்கள். விசா எடுக்கும்போதே மருத்துவக் கூடுதல் கட்டணம் செலுத்தியிருப்பீர்கள். 2024 பிப்ரவரி முதல் மாணவர்களுக்கு அது ஆண்டுக்கு 776 பவுண்டு. இவ்வளவு கொடுத்துவிட்டு, காய்ச்சல் வந்த பிறகு எங்கே போவது என்று நண்பர்களைக் கேட்டுக்கொண்டிருப்பது நியாயமல்ல. மருத்துவரைப் பார்ப்பதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. மருந்துச் சீட்டுக்கு மட்டும் இங்கிலாந்தில் ஒவ்வொரு மருந்துக்கும் கட்டணம் உண்டு. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் அதுவும் இல்லை. தலைவலிக்கான பாரசிட்டமால் போன்றவற்றைச் சூப்பர் மார்க்கெட்டிலேயே ஒரு பவுண்டுக்கும் குறைவாக வாங்கலாம். உயிருக்கு ஆபத்தில்லாத, ஆனால் காத்திருக்க முடியாத நிலையில் 111 என்ற எண்ணை அழையுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் கேட்கலாம். ஆபத்து என்றால் 999.

அக்டோபரிலிருந்து மார்ச் வரை இங்கே அடிக்கும் வெயில், தோலில் வைட்டமின் டி உண்டாகப் போதாது. நாளுக்கு 10 மைக்ரோகிராம் மாத்திரை எடுத்துக்கொள்ள அரசே பரிந்துரைக்கிறது. நம்மைப் போன்ற கருமைத் தோல் உள்ளவர்கள் ஆண்டு முழுவதும் எடுப்பது பற்றி யோசிக்கலாம். கடையின் சொந்தப் பெயரில் விற்பதே போதும், விலையுயர்ந்த டப்பா தேவையில்லை.

உடற்பயிற்சிக்கு, ஓராண்டு ஒப்பந்தம் கேட்கும் ஜிம்மில் அவசரப்பட்டுக் கையெழுத்திட வேண்டாம். சனிக்கிழமை காலைகளில் பல பூங்காக்களில் ‘பார்க்ரன்’ என்ற பெயரில் 5 கிலோமீட்டர் ஓட்டம் இலவசமாக நடக்கிறது. 2004-இல் லண்டன் புஷி பூங்காவில் தொடங்கியது. ஓட வேண்டும் என்று கட்டாயமில்லை, நடந்தே முடிப்பவர்களும் உண்டு.

இன்னும் ஊரில் இருப்பவர்கள் இதைப் படித்தால், பெட்டியில் சிறிய பிரஷர் குக்கர், களித் துடுப்பு, பெண்ணாகரம் பக்கத்துப் புளி, மிளகாய்த் தூள் ஆகியவற்றுக்கு இடம் விடுங்கள். நெய், பால்கோவா, இறைச்சி வகைகள், கறிவேப்பிலை வேண்டாம். அம்மா எவ்வளவு கட்டாயப்படுத்தினாலும் விமான நிலையத்தில் பறிமுதல் செய்துவிடுவார்கள்.