சர்க்கரையும் சானல் கரையும்

போன வருடம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் எனக்கு எச்பிஏ1சி 6.2 என்று வந்தது. சுமார் மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் அளவு அது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. இதிலிருந்து இன்னும் பழைய நிலைக்குத் திரும்பலாம் என்றார் டாக்டர். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன்.

தக்கலையிலிருந்து நாகர்கோவிலுக்கு பஸ்ஸில் வேலைக்குப் போகிறவன் நான். நேரமே இல்லை என்றுதான் நம்பியிருந்தேன். ஒரு வாரம் நோட்டில் எழுதிப் பார்த்தேன். ராத்திரி சாப்பிட்டதும் போனில் தினமும் ஒன்றரை மணி நேரம் போயிருந்தது. சரி, போனை அலமாரியில் வைத்துவிட்டு சானல் (பாசனக் கால்வாய்) கரையில் அரை மணி நேரம் நடக்கத் தொடங்கினேன். (டார்ச் கட்டாயம், பாம்பு உண்டு.) வாரம் ஐந்து நாள், 150 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்தபட்ச அளவும் அதுதான்.

கஷ்டமாக இருந்தது மரச்சீனியை, அதாவது மரவள்ளிக் கிழங்கை, குறைப்பதுதான். "மக்களே, கிழங்கில்லாம மீன் கறியா?" என்று அம்மா வருத்தப்பட்டார். அடியோடு நிறுத்தவில்லை. ஞாயிறு மட்டும் நாலு துண்டு, அன்று சோறு கிடையாது. மற்ற நாளில் தட்டில் பாதி கீரையோ பயறு துவரனோ (தேங்காய் போட்ட பொரியல்). மீனுக்குக் குறைவில்லை.

ஆறு மாதம் கழித்து 5.6. இப்போது அம்மாவும் கூட வருகிறார். அவருக்கு மூட்டுவலி, அதனால் பாலம் வரை போய்த் திரும்பிவிடுவோம்.